கத்திரி வெயிலில் கடைத்தெரு: ஜனங்களை நடக்கவைக்க என்ன செய்யலாம்?

"சென்னை மாதிரி வெயில் கொளுத்தும் ஊரில் நடுநகரத்துக் கடைத்தெருவை நடக்கிற தெருவாக மாற்றுவதெல்லாம் ஆகிற காரியமா, குளிர் நாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு இங்கே காசைக் கொட்டுகிறார்களா, உண்மையில் எதைச் செய்தால் தெரு கலகலப்பாகும்?" என்பது கேள்வி.

ஆகிற காரியம்தான். ஆனால் காசு செலவாகும் வரிசை நம்மிடம் தலைகீழாக இருக்கிறது. தெருக்களை வரைந்துகொடுக்கும் வேலையில் பல வருஷம் குப்பை கொட்டியவன் என்கிற முறையில் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வரைபடங்களில் முதலில் கிரானைட் வரும், அப்புறம் விளக்குக் கம்பம், அப்புறம் பெஞ்சு, கடைசியில் பணம் ஏதாவது மிச்சமிருந்தால் மரக்கன்று. வெயில் ஊருக்கு இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

மே மாதம் மூன்றரை மணிக்கு சென்னையில் ஏதாவது ஒரு பேருந்து நிறுத்தத்தைப் போய்ப் பாருங்கள். எவர்சில்வர் பெஞ்சு காலியாகக் கிடக்கும், தொட்டால் சுடும். நிறுத்தத்தின் கூரை நிழல் அதற்குள் பின்னால் சாக்கடை மூடி மேல் போய் விழுந்திருக்கும், பாதிப் பேர் அங்கே நிற்பார்கள். மீதிப் பேர் பக்கத்து மின்கம்பத்தின் நிழலில், ஒல்லியான அந்த ஒரு கோட்டுக்குள், ரேஷன் கடை வரிசை மாதிரி ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். கம்பத்து நிழல் நகர நகர வரிசையும் சேர்ந்து நகரும். நான் பார்த்த எந்த ஆலோசனை அறிக்கையை விடவும் இந்த வரிசை தெளிவாக ஒன்றைச் சொல்கிறது. ஜனங்கள் வெயில் ஊரை விட்டு ஓடவில்லை, நிழலைத் தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

இதில் கொஞ்சம் அறிவியலும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வானிலைச் செய்தியில் 37 டிகிரி என்றால் அது நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்த மானி காட்டியது. தெருவில் நடக்கிறவர் உடம்பு வாங்குவது அந்தச் சூட்டை மட்டுமல்ல. தலைக்கு மேல் சூரியன், காலுக்குக் கீழ் தார் ரோடு (நல்ல கோடைப் பகலில் அதன் மேற்பரப்பு 55 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும்), பக்கத்தில் கண்ணாடி பதித்த கடை முகப்பு, நிறுத்தி வைத்த காரின் பானெட் என்று எல்லாத் திசையிலிருந்தும் அனல் அடிக்கிறது. காற்றை ஒரு டிகிரி குளிரவைப்பது மாநகராட்சியால் ஆகாது. இந்த அனலைத் தடுப்பது ஒரு மரத்தாலேயே ஆகும். அதே 37 டிகிரியில் புங்க மரத்தடியில் நின்று டீ குடிக்கலாம், பத்தடி தள்ளி நின்றால் தலை சுற்றும்.

தரையை வெளுப்பாக்கினால் சூடு குறையும் என்றொரு யோசனை அடிக்கடி வரும். அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரம் 2020 முதல் தெருக்களுக்கு வெளிர் பூச்சு அடித்து, அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அளந்தும் பார்த்தது. பகலில் தார்ப் பரப்பின் சூடு சுமார் 6 டிகிரி குறைந்தது, சரி. ஆனால் அதன் மேல் நடக்கும் ஆளின் உடம்பில் படும் வெப்பம் உச்சி வேளையிலும் பிற்பகலிலும் சுமார் 3 டிகிரி கூடியது. தரை விழுங்காமல் திருப்பி அனுப்பிய வெளிச்சம் நேராக நடப்பவர் மேல்தானே வந்து விழும்! வெளிர் நிறக் கல் பதித்த நம் நடைபாதையில் நடுப்பகலில் கண் கூசுகிறதே, அதே சங்கதிதான். மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பது நல்ல யோசனை, அங்கே யாரும் கடைக்கு நடந்து போவதில்லை. நடைபாதைக்கு வேண்டியது மேலே நிழல்.

காற்று விஷயம் ஊருக்கு ஊர் மாறும். வேலூர், மதுரை, திருச்சி போன்ற வறண்ட சூட்டில் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளிக்கும் விசிறி ஓரளவு வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்தில் அது சட்டையைத்தான் நனைக்கும். சென்னைக்குச் சொந்தக்காரன் கடல்காற்று. நண்பகல் வாக்கில் அது உள்ளே வந்துவிட்டால் ஊர் பிழைத்தது, தாமதமானால் அன்றைக்கு 40ஐத் தாண்டும். அதனால் இங்கே கூரை போடுகிறேன் என்று பக்கவாட்டையும் சேர்த்து அடைத்துவிடக் கூடாது. அப்புறம், பெரிய கடைகளின் ஏசி வெளிப்பெட்டிகளை நடைபாதையைப் பார்த்து, சரியாக முகத்துக்கு நேராக மாட்டி வைத்திருப்பார்கள். கடைக்குள் இருக்கும் சூட்டை வழித்தெடுத்து நடப்பவர் முகத்தில் அடிக்கும் ஏற்பாடு அது. அதே கடையின் திறந்த வாசலில் குளிர்ந்த காற்று வழியும், தி.நகரில் நடந்து பழகியவர்கள் அந்த இரண்டடி தூரத்தில் மட்டும் நடையைத் தளர்த்துவதைப் பார்க்கலாம். வெளிப்பெட்டியை முதல் மாடி உயரத்துக்கோ பின்பக்கத்துக்கோ மாற்று என்று ஒரு விதி போட மாநகராட்சிக்கு ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது சூரியன் எந்தப் பக்கம் என்கிற கணக்கு. பெரிய பெரிய திட்டங்களிலேயே இதை யாரும் போடுவதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும், ஆகஸ்ட் நடுவில் இன்னொரு முறை. நடுவில் உள்ள மாதங்களில், அதாவது கத்திரி முழுவதும், நடுப்பகலில் அது நமக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கும். மே மாதப் பாதியில் முப்பத்துமூன்று அடி உயரக் கட்டடம் நண்பகலில் போடும் நிழல் மூன்றடிதான், அதுவும் தெற்குப் பக்கமாக. ஆகவே கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் கட்டடத்தை நம்பிப் பிரயோஜனமில்லை, இரண்டு பக்கமும் தலைக்கு மேலேயே மரமோ பந்தலோ வேண்டும். வடக்கு தெற்காக ஓடும் தெரு கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. காலையில் கிழக்குப் பக்க நடைபாதைக்கு அந்தப் பக்கக் கட்டடமே நிழல் தரும், மூன்று மணிக்கு மேல் மேற்குப் பக்க நடைபாதைக்கு. சாயங்கால வெயில் முழுவதையும் வாங்குவது கிழக்கு நடைபாதை. பத்து மரத்துக்குத்தான் காசு இருக்கிறதென்றால் பத்தையும் அங்கே நடுங்கள். இரண்டு பக்கமும் ஐந்தைந்து என்று அழகுக்குப் பிரித்து நடுவதுதான் வழக்கம், வரைபடத்தில் சமச்சீராகத் தெரியும்.

இந்தக் கணக்கை நான் படித்ததைவிட ஒரு பூக்காரம்மாவிடம் கற்றது அதிகம். நாங்கள் அளவெடுக்கப் போன ஒரு வடக்கு தெற்குத் தெருவில் காலை எட்டு மணிக்கு அவர் கிழக்கு வரிசையில் ஒரு வங்கி வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணிக்குத் தலையில் ஈரத்துண்டு. இரண்டரைக்கு, முக்காலி, கூடை, நூல்கண்டு, தண்ணீர் தெளிக்கும் பாட்டில் எல்லாவற்றையும் இரண்டே நடையில் எதிர்வரிசைக்கு மாற்றிவிட்டார். "அந்தப் பக்கம் இனிமே பூ நிக்காது தம்பி, ஒரு மணி நேரத்துல வாடிடும். ஆளும் அந்தப் பக்கம் வராது" என்றார். நாங்கள் மூன்று நாள் ஆட்களை நிறுத்தி எண்ணி முடித்தபோது கிடைத்த விடையும் அதுவேதான்.

மரத்துக்கு வருகிறேன். நிழல் என்றால் தொடர்ச்சியான நிழல். ஐந்நூறு அடி நிழலில் வந்து, நடுவில் நூறு அடி வெட்டவெளி என்றால், அந்த நூறு அடியை நினைத்துத்தான் ஆள் ஆட்டோ பிடிக்கிறார். மரங்களை இருபது, இருபத்தைந்து அடிக்கு ஒன்றாக வைத்தால்தான் கிளைகள் ஒன்றையொன்று தொடும். எங்கள் பக்கத்துக்குப் புங்கையை அடிக்க ஆளில்லை. கோடைக்குக் கொஞ்சம் முன்னால் இலையை உதிர்த்து, வெயில் ஏறுவதற்குள் பளபளவென்று புது இலை போட்டுவிடும், காற்றையும் தாங்கும். வேம்பு, பூவரசு, நாவல் எல்லாம் சரி. மகிழம் அருமையான மரம், பொறுமை வேண்டும். தூங்குமூஞ்சி குடை மாதிரி விரியும், ஆனால் வேர் நடைபாதையைப் பெயர்த்துவிடும், அகலமான இடம் இருந்தால் மட்டும் வையுங்கள். பூவுக்காக நடும் செம்மயிற்கொன்றை கோடையில் பார்க்க அழகு, புயலில் முதலில் முறிவதும் அதுதான். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள் சென்னைத் தெருக்களில் விழுந்து கிடந்தவற்றின் அடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எத்தனையோ மரங்களுக்குச் சுற்றிலும் கழுத்துவரை சிமென்ட், மழைநீர் வடிகாலுக்காக ஒரு பக்க வேரே இல்லை. மரத்தைச் சுற்றி நாலடிக்கு நாலடியாவது மண்ணைத் திறந்து விடுங்கள் என்று நாங்கள் வரைந்துகொடுப்போம். கட்டி முடித்த பிறகு போனால் மரம் நிற்கும், மண்ணைக் காணோம், அடிமரத்தை ஒட்டி டைல்ஸ் பதித்திருப்பார்கள். "குப்பை சேருது சார்" என்பார் ஒப்பந்தக்காரர்.

மரம் நிழல் தர ஐந்து, ஆறு வருஷமாகும், அதுவரை? இந்த இடத்தில் எல்லோரும் வெளிநாட்டுத் துணிக்கூரைப் படத்தை எடுத்து நீட்டுவார்கள். ஸ்பெயினில் செவில் நகரத்துக் கடைத்தெருக்களில் கோடைக்கு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை துணி கட்டுவார்கள், அருமையான பழக்கம்தான். ஆனால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தெருவையே மூடிப் பந்தல் போடுகிற நமக்கு இதைக் கற்றுக்கொடுக்க யாரும் வர வேண்டியதில்லை. ராத்திரியோடு ராத்திரியாக நாலு பேர் சவுக்குக் கம்பு நட்டு, கீற்று வேய்ந்து, காலையில் தெருவையே குளுகுளுவென்று ஆக்கிவிடுவார்கள். கீற்று சூட்டைச் சேர்த்து வைக்காது, இடுக்கு வழியே அனல் மேலே போய்விடும். தகரக் கூரைக்குக் கீழே நின்றால் அடுப்புக்குக் கீழே நின்ற மாதிரி இருக்கும். தீப்பிடிக்கும் பயத்தால் கடைத்தெருவில் கீற்று வேண்டாம் என்றால் நாற்றங்காலுக்குப் போடும் பச்சை வலை இருக்கிறது. 2024 கோடையில் புதுச்சேரியில் சிக்னலில் நிற்கும் இருசக்கர வண்டிக்காரர்களுக்காக அந்த வலையைக் கட்டினார்கள், படம் நாடெங்கும் பரவியது, சென்னையிலும் சில சிக்னல்களில் போட்டார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஒரு நிமிஷம் நிற்கிற வண்டிக்குக் கிடைத்த நிழல் அதே ரோட்டின் ஓரமாக அரை மணி நேரம் நடக்கிற ஆளுக்கு ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்றுதான் கேட்கிறேன்.

இன்னொரு வழி, அரசு காசே செலவழிக்காமல் நிழல் வாங்குவது. சிங்கப்பூர் அதைச் செய்தது. 1822இல், அந்த ஊரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் நகரத்துக்குத் திட்டம் போட்டபோது, தெருவைப் பார்த்த ஒவ்வொரு வீடும் முன்பக்கம் கூரையிட்ட ஒரு நடைவழியை விட வேண்டும், அது அடுத்த வீட்டு நடைவழியோடு தொடர்ந்து போக வேண்டும் என்று விதித்தார். ஐந்தடி வழி, மலாயில் 'காக்கி லீமா'. நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கிற உரிமை எல்லோருடையது. சிராங்கூன் சாலையில் பூமாலை கட்டுகிறவரும் மளிகைக் கடையின் அரிசி மூட்டையும் இருக்கும் அந்த நிழல்வழி இதுதான், மழையிலும் நனையாமல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகலாம். அதற்காக அங்கே எல்லாம் சுமுகமாக நடந்தது என்றில்லை. கடைக்காரர்கள் சரக்கை அடுக்கி வழியை மறித்தார்கள், நகராட்சி அகற்றப் பார்த்தது, 1888இல் அது கலவரம் வரைக்கும் போனது. 2013க்குப் பிறகு ரயில் நிலையங்களிலிருந்து 400 மீட்டர் தூரம் வரை நடைவழிக் கூரைகளை நீட்டியபோதும் அடிப்படை யோசனை அந்தப் பழைய ஐந்தடி வழிதான். நம் திண்ணையும் தாழ்வாரமும் இதற்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் நம் கடைத்தெருக் கட்டடங்களின் முன்னால் விதிப்படி விட்ட வெற்றிடத்தில் இன்றைக்கு நிற்பது பைக்குகள். அந்த இடத்தில் கூரை போட்டுப் பொதுவழிக்கு விட்டால் ஒரு மாடி கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள், உரிமையாளர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள்.

இப்போது நிழலும் கலகலப்பும் சந்திக்கிற இடம்: தெருவோரக் கடைகள். இங்கேதான் என் தொழில்காரர்கள் பலரோடு எனக்குச் சண்டை. நடைபாதையை மேம்படுத்துவது என்றால் முதலில் கடைகளைக் காலி செய்வது என்று வைத்திருக்கிறார்கள். ஒரு வெயில் ஊரில் அந்தக் கடையின் தார்ப்பாய் எத்தனை சதுர அடி நிழல் தருகிறது என்று யாராவது கணக்கெடுத்தார்களா? தண்ணீர் பாட்டில், கரும்புச் சாறு, நுங்கு, ஒரு நிமிஷம் நிற்க ஒரு சாக்கு, ராத்திரி ஒன்பது மணிக்குப் பெண்கள் பயமில்லாமல் நடக்க ஒரு விளக்கு, எல்லாவற்றையும் அரசுக்குச் செலவில்லாமல் தந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்.

பாண்டி பஜாரை எடுத்துக்கொள்வோம், எனக்கு நன்றாகத் தெரிந்த தெரு. தியாகராய சாலை ஓரத்தில் கிளிப், வளையல், உள்பாவாடை, கைக்குட்டை விற்றவர்களை 2010களின் தொடக்கத்தில், நீண்ட வழக்குகளுக்குப் பிறகு, ஓர் அடுக்குமாடி வளாகத்துக்குள் அனுப்பினார்கள். பத்து ரூபாய் கிளிப்பை யாரும் திட்டம் போட்டுப் படியேறிப் போய் வாங்குவதில்லை, வழியில் கண்ணில் பட்டால்தான் வாங்குவார்கள். 2019 நவம்பரில் சுமார் 40 கோடி ரூபாயில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். முழுக்க வண்டியே வராத தெரு அல்ல அது. வண்டிக்கு வழி விட்டு இரண்டு பக்கமும் நடைபாதையை நன்றாக அகலமாக்கினார்கள், உட்கார இடம், விளக்கு, குழந்தைகள் ஏறி விளையாட ஏதேதோ. நான் அதை நல்ல திட்டம் என்றே சொல்வேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் தாத்தா பாட்டிகள் பெஞ்சில், பிள்ளைகள் ஓடிக்கொண்டு, காதலர்கள் ஐஸ்கிரீமோடு என்று ஒரு சின்ன மெரினா மாதிரி இருக்கும். அதே இடத்துக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குப் போனால் பழைய மரங்கள் நிற்கும் இடங்களில் கூட்டம், மரமில்லாத இடங்களில் கல் மட்டும். பெஞ்சு எங்கே காலி, எங்கே நிறைவு என்று மேலிருந்து ஒரு படம் எடுத்தால் அதுவே நிழல் வரைபடம்.

டில்லியில் சாந்தினி சௌக்கை 2021இல் திறந்தபோது காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டி கிடையாது என்று துணிச்சலாக முடிவெடுத்தார்கள், அதற்கு ஒரு சல்யூட். ஆனால் செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை சிவப்புக் கிரானைட்டை விரித்துவிட்டு நிழலுக்குப் போதுமான மரம் வைக்கவில்லை. மே மாத டில்லியில் அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தில் குறை என்று சொல்ல முடியாது. 2014ஆம் வருஷம் இரண்டு காரியம் நடந்தது. நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. வியாபாரக் குழு அமைக்க வேண்டும், அதில் நாற்பது சதவீதமாவது வியாபாரிகள் இருக்க வேண்டும், கணக்கெடுத்து இடம் ஒதுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதே வருஷம் சென்னை மாநகராட்சி, இந்தியாவில் முதல் நகரமாக, மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. சாலைக்கான பணத்தில் அறுபது சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்றது அது. கொள்கையை ஒரு துறை வைத்திருக்கிறது, சட்டத்தை இன்னொரு துறை பார்க்கிறது. நடைபாதையை வரையும்போதே வியாபாரிக்கு ஆறடிப் பட்டை ஒன்று, மரத்துக்கும் கம்பத்துக்கும் ஒரு பட்டை, நடப்பவருக்குத் தடங்கலே இல்லாமல் எட்டு அடி என்று மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். சாலைகளுக்கு நெறிமுறை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டியே கடைத்தெருவில் நடப்பவருக்குக் குறைந்தது இரண்டரை மீட்டர் தடையில்லாத அகலம் என்கிறது, அந்த எட்டு அடி அதுதான்.

நடைபாதையின் உயரமும் ஒரு தொல்லை. வழிகாட்டி ஆறு அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. நம் ஊரில் மழைநீர் வடிகாலின் மேல்மூடியே நடைபாதை என்பதால் ஒன்றரை அடிக்குப் போய்விடுகிறது, ஒவ்வொரு கட்டடத்தின் வாசல் கேட்டுக்கும் அதை இறக்கி ஏற்றுகிறார்கள், முட்டி வலிக்காரர்கள் ரோட்டிலேயே நடந்துவிடுகிறார்கள். கேட்டுக்கு வண்டிதான் ஏறி இறங்க வேண்டும், நடைபாதை மட்டமாகப் போக வேண்டும். இது ஒன்றைச் சரிசெய்தாலே என் அம்மா வயசுக்காரர்கள் திரும்பி வருவார்கள். பைக் ஏறாமலிருக்க நடும் குட்டைத் தூண்கள் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சக்கர நாற்காலி நுழைகிற இடைவெளியில் ஸ்கூட்டரும் நுழையும். அங்கே ஒரு இளநீர்க் கடையைப் போடுங்கள், அவர் விடமாட்டார்.

கடை முதலாளிகள் சொல்வது: காரை நிறுத்த முடியாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும். பயம் புரிகிறது, போட்ட முதல் அவர்களுடையது. ஆனால் ரங்கநாதன் தெருவைக் காட்டிவிட்டுத்தான் நான் பேச்சையே தொடங்குவேன். காரே நுழைய முடியாத, பண்டிகைக் காலத்தில் கால் வைக்கவே இடமில்லாத அந்தச் சந்தில்தான் தமிழ்நாட்டின் பெரிய ஜவுளி, பாத்திர வியாபாரம் நடக்கிறது. காரணம் மாம்பலம் ரயில் நிலையம் தெருமுனையில் இருக்கிறது. தீயணைப்பு வண்டி எப்படி உள்ளே போகும் என்று நினைத்தால் வயிறு கலங்கும், அதனால் அதை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து நடந்து வாங்குகிறார் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது என்று மட்டும் சொல்கிறேன். 2023இல் அந்த நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை கட்டினார்கள். மூட்டை முடிச்சோடு ரயிலைப் பிடிக்கிறவருக்குப் பெரிய உதவி, கூரையும் உண்டு. ஆனால் அது தெருவைக் கடக்க உதவுகிறது, தெருவை வாழவைக்காது. கீழே வளையல் பார்க்கிற கண் மேலே போனால் ரயில் நேரத்தைத்தான் பார்க்கும்.

கலகலப்பு வேண்டுமென்றால் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். வெயில் ஊரில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை தெரு தூங்குவது இயல்பு. அந்த நேரத்துக்காகக் கோடிகளைக் கொட்டாதீர்கள், காலையையும் சாயங்காலத்தையும் நீட்டுங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்குத் தடுப்பு வைத்தால் மறுநாள் காலை ஏழரை வரை வண்டி கிடையாது. அவ்வளவுதான் திட்டம், ஒரு தடுப்பும் ஒரு போலீஸ்காரரும். அகமதாபாத்தில் மாணிக் சௌக் பகலில் நகைக்கடை, கடை சாத்திய பிறகு நடுராத்திரி வரை சாப்பாட்டுத் தெரு. ஒரே தரையைக் கடிகாரத்தைப் பார்த்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

வெயிலிலேயே கூட்டம் வரவே வராது என்பவர்களுக்கு மதுரைதான் பதில். ஊரே கொதிக்கிற ஏப்ரல், மே மாதத்தில்தான் சித்திரைத் திருவிழா. மாசி வீதியில் தேர், வீதிக்கு வீதி நீர்மோர்ப் பந்தல், பானகம், விசிறி, அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவர்கள், லட்சக்கணக்கில் ஜனம். நிழல், தண்ணீர், பார்க்க ஏதாவது, கூட நடக்க ஆள், இந்த நாலும் இருந்தால் தமிழன் கத்திரியிலும் நடப்பான். கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டியும் கிடையாது. மதியம் கல் சுட்டெரிக்கும், செருப்பில்லாதவர்கள் துள்ளித்துள்ளி ஓடுவார்கள், சாயங்காலம் அதே கல்லில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள்.

உட்கார இடமும் கழிப்பறையும் பற்றிச் சொல்லாவிட்டால் என் மனைவி என்னை விடமாட்டாள். பெஞ்சு போட்டால் குடிகாரன் படுத்துவிடுவான் என்று ஒரு பெஞ்சும் போடாத தெருக்களை நான் பார்த்திருக்கிறேன். கடை ஊழியர்கள் நாள் முழுக்க நிற்கக் கூடாது, உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே போட வேண்டியிருந்தது, அப்படிப்பட்ட ஊரில் நடப்பவருக்கு இருக்கை கேட்டால் ஆடம்பரம் மாதிரி தெரிகிறது. கழிப்பறை இல்லாத கடைத்தெருவில் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நடக்கிறார்கள். வெயில் ஊரில் அது விளையாட்டில்லை. இரண்டு பர்லாங்குக்கு (சுமார் 400 மீட்டர்) ஒன்றாவது, தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ளதாக, காசு வாங்கினாலும் பரவாயில்லை.

உங்கள் ஊரில் ஒரே ஒரு தெருவும் கொஞ்சம் பணமும் கொடுத்தால் நான் என்ன செய்வேன்? முதல் வாரம் ஒன்றும் கட்டமாட்டேன். மே மாதத்தில் காலை ஒன்பது, பன்னிரண்டு, மூன்றரை, ஏழு என்று நாலு வேளையும் நடந்து, நிழல் எங்கே அறுகிறது, எந்தக் கடை வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள், பூக்காரம்மா எந்தப் பக்கம் என்று சாக்கட்டியால் தரையிலேயே குறிப்பேன். அப்புறம் பஸ் நிறுத்தத்திலிருந்து முதல் பெரிய கடைவரை, அந்த ஒரு துண்டுக்கு மட்டும், கார் நிறுத்தும் வரிசையைப் பெயிண்ட்டாலும் தொட்டிகளாலும் எடுத்துக்கொண்டு பச்சை வலைப் பந்தல் போடுவேன். வியாபாரிகளைக் கூப்பிட்டு இடத்துக்குக் கோடு போடுவேன், ஒவ்வொருவர் கடைப்பின்னாலும் ஒரு புங்கங்கன்று, தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அவருடையது, வாடகையில் கழித்துக்கொள்ளலாம். இரண்டு கோடை இப்படி ஓடட்டும். எங்கே ஜனம் சேர்கிறதோ அங்கே மட்டும் மூன்றாம் வருஷம் தரை, மட்டம், கழிப்பறை என்று நிரந்தர வேலை. கிரானைட் கேட்டு யாராவது வந்தால், கன்று பந்தலை முட்டுகிற உயரத்துக்கு வளரட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.